முதலில் எழுத்து, பிறகு அலங்காரம்: எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பைத் தமிழ் வாசிக்கும் கண்ணுக்கு ஏற்ப அமைப்பது

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்ட பிறகு, பினாங்கில் எனக்குத் தெரிந்த சில வீடுகளில் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த மடிக்கணினிகள் அலமாரிக்குள் போயின. விண்டோஸ் 11 கேட்கும் வசதிகள் அவற்றில் இல்லை. ஆயர் ஈத்தாமில் வசிக்கும் என் மாமாவின் 14 அங்குல மடிக்கணினியும் அவற்றில் ஒன்று. அதில் விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவி, கருநிறத் தீம், வண்ணச் சின்னங்கள், மலைக்காட்சிப் பின்னணி என்று ஒரு மாலை முழுவதும் அலங்கரித்துக் கொடுத்தேன். அவர் தமிழ்ப்பள்ளியில் நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவர். திரையருகே குனிந்து பார்த்துவிட்டு, “எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, தம்பி. ஆனால் இந்தக் கோப்பின் பெயர் பணியா, பனியா?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. பத்துப் புள்ளி அளவில், மங்கிய நிறத்தில், மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒரே கறையாகத் தெரிந்தன. அன்று முதல் எந்தக் கணினியை அமைத்தாலும் எழுத்திலிருந்தே தொடங்குகிறேன். எழுத்துரு, எழுத்தளவு, சாளரங்களின் நிறத்தையும் வடிவத்தையும் தரும் தீம், சின்னங்கள், திரையோரப் பட்டையான பேனல், கடைசியில் பின்னணிப் படம் என்பதுதான் என் வரிசை. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பின்னணிப் படத்தில் தொடங்கி எழுத்துருவை இறுதியில் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போகின்றன. ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு அது போதும், நமக்குப் போதாது.

ஒலிவியே ஃபூர்தான் என்பவர் 1996இல் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ, லினக்ஸில் பட்டியல், சாளரம், பேனல் ஆகியவற்றைத் தரும் டெஸ்க்டாப் மென்பொருள்களில் ஒன்று; பழைய கணினியிலும் சுறுசுறுப்பாக இயங்குகிறது. நான் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு அது மட்டும் காரணமன்று. அதே 1996இல் தொடங்கப்பட்ட கேடிஇயின் பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் இதைவிட அதிகமாக மாற்றலாம்; ஆனால் அமைப்புகள் அத்தனை இருப்பதால் எங்கே எதை மாற்றினோம் என்பதே சில நாளில் மறந்துவிடுகிறது. க்னோம் டெஸ்க்டாப்போ, தன் தோற்றத்தை அதிகம் மாற்றவிடுவதில்லை. எக்ஸ்எஃப்சிஇயில் தோற்றத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடம் உண்டு. எல்லாவற்றையும் செட்டிங்ஸ் மேனேஜர் என்ற ஒரே சாளரத்திலிருந்து திறக்கலாம். பலர் ஆங்கில இடைமுகத்தோடுதான் தொடங்குகிறார்கள் என்பதால், பட்டியல்களின் பெயர்களை அந்த ஒலிப்பிலேயே தருகிறேன். கீழே சொல்பவை 2022 டிசம்பரில் வந்த 4.18ஆம் பதிப்புக்கும் 2024 டிசம்பரில் வந்த 4.20ஆம் பதிப்புக்கும் பொருந்தும்.

கை வைக்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, கணினியில் ‘சோதனை’ என்ற பெயரில் இன்னொரு பயனர் கணக்கைத் தொடங்குவது. தோற்ற அமைப்புகள் பயனருக்குப் பயனர் தனியாகச் சேமிக்கப்படுவதால், அந்தக் கணக்கில் எதைக் கலைத்தாலும் உங்கள் சொந்த முகப்பு அப்படியே இருக்கும். இரண்டாவது, பேனல் புரொஃபைல்ஸ் என்ற கருவியைத் திறந்து, இப்போதிருக்கும் பேனல் அமைப்பை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துக்கொள்வது. பேனலைத் தவறி நீக்கிவிட்டுத் திகைத்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சேமித்த படி ஒன்று இருந்தால் அரை நிமிடத்தில் மீட்டுவிடலாம்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தல்

செட்டிங்ஸ் மேனேஜரில் அப்பியரன்ஸ் என்பதைத் திறந்து ஃபாண்ட்ஸ் என்ற தாவலுக்குச் செல்லுங்கள். மேலே டிஃபால்ட் ஃபாண்ட் என்று இருப்பதுதான் பட்டியல்களிலும் கோப்புப் பெயர்களிலும் பொத்தான்களிலும் தெரியும் எழுத்துரு. அங்கே இருக்கும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லையென்றால், கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து தமிழை இரவல் வாங்கிக் காட்டும். எந்த எழுத்துருவிலிருந்து வாங்குகிறது என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. ஆங்கில எழுத்து தடிமனாகவும் தமிழ் மெலிந்தும், அல்லது ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும், ஒரே வரியில் இரண்டு கைகள் எழுதியதுபோல் தெரிவது இந்த இரவலால்தான்.

மலேசியத் தமிழர் வீட்டுக் கணினியில் இந்தக் குறை அதிகமாகவே உறுத்தும். ஒரே கோப்புறையில் மலாய்ப் பெயரோடு தண்ணீர்க் கட்டண ரசீதும், ஆங்கிலத்தில் வங்கி அறிக்கையும், தமிழில் கோயில் திருப்பணிக் கணக்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆகையால் தமிழும் ரோமன் எழுத்தும் ஒரே கையால் சேர்த்து வடிவமைக்கப்பட்ட எழுத்துருவையே நான் பரிந்துரைக்கிறேன். ஏக் டைப் குழுவினர் உருவாக்கிய முக்த மலர், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை. இரண்டும் திறந்த உரிமத்தில் கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முக்த மலரில் 7 தடிமன்களும் கட்டமரானில் 9 தடிமன்களும் உள்ளன. கட்டமரானின் வடிவம் தலைப்புகளுக்கு மிகப் பொருத்தம். நாள் முழுவதும் பார்க்கும் பட்டியல் எழுத்துக்கு முக்த மலரின் நிதானமான வளைவுகளே எனக்குப் பிடித்தவை. ஆரவாரமற்ற தோற்றம் வேண்டுவோர் நோட்டோ சான்ஸ் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். மென்பொருள் மேலாளரில் நோட்டோ என்று தேடினாலே அது கிடைக்கும்.

இறக்கிய எழுத்துருவை நிறுவுவது எளிது. உங்கள் இல்லக் கோப்புறையைத் துனார் கோப்பு மேலாளரில் திறந்து, கண்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினால் மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். அங்கே ஃபாண்ட்ஸ் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், முன்னால் ஒரு புள்ளியோடு கோப்புறை ஒன்றை உருவாக்கி, எழுத்துருக் கோப்புகளை அதில் போடுங்கள். அப்பியரன்ஸ் சாளரத்தை மூடித் திறந்தால் புதிய பெயர் பட்டியலில் இருக்கும். இல்லையென்றால் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

எழுத்துருவைச் சோதிக்க நான் ஒரு சிறு வழி வைத்திருக்கிறேன். ‘மணம் மனம்’, ‘பணி பனி’, ‘கண்ணி கன்னி’, ‘மழை மலை’, ‘கூழ் கூடு’ என்ற பெயர்களில் ஐந்து வெற்றுக் கோப்புறைகளை உருவாக்கி, கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து படித்துப் பார்ப்பேன். சுழிகளுக்குள் வெளிச்சம் தெரிகிறதா, ழகரத்தின் கீழ்க்கொம்பு வெட்டுப்படாமல் இருக்கிறதா, புள்ளி மேலே முட்டாமல் நிற்கிறதா என்பவை உடனே தெரிந்துவிடும். ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து மேலும் கீழும் அதிக இடம் கேட்கிறது. இகர, ஈகார வளைவுகள் மேலே ஏறுகின்றன, உகர, ஊகாரக் கீற்றுகள் கீழே இறங்குகின்றன. இந்தச் சோதனையில் தோற்கும் எழுத்துரு எவ்வளவு அழகானதாக இருந்தாலும் பட்டியல் எழுத்துக்கு ஆகாது.

அதே தாவலில் கீழே, எழுத்தோரங்களை மென்மையாக்கும் ஆன்டி-அலையசிங் என்பதை இயக்கி வையுங்கள். ஹிண்டிங் என்பதில் ஸ்லைட் என்பதே தமிழுக்கு ஏற்றது. ஹிண்டிங் என்பது எழுத்தின் கோடுகளைத் திரைப் புள்ளிகளின் கட்டங்களோடு பொருத்தும் வேலை. ஃபுல் என்று வைத்தால் நேர்கோடுகள் நிறைந்த ஆங்கில எழுத்துக்கு ஒருவேளை கூர்மை வரலாம். வளைவே உடலாக உள்ள நம் எழுத்தின் சுழிகள் நசுங்கிவிடுகின்றன. ஸ்லைட் அமைப்பு உயரவாக்கில் மட்டும் மெல்லத் திருத்துவதால் வளைவுகள் பிழைத்துக்கொள்கின்றன. சப்-பிக்சல் ஆர்டர் என்பதில், வழக்கமான எல்சிடி திரைக்கு ஆர்ஜிபி பொருந்தும். எழுத்தோரங்களில் நிறம் கசிவதுபோல் தெரிந்தால் நன், அதாவது எதுவுமில்லை, என்று வைத்துவிடுங்கள்.

மோனோஸ்பேஸ் எழுத்துருவைத் தொட வேண்டாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் தரும், கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினல் சாளரத்தில் தமிழ் எழுத்துகள் பிரிந்தும் மோதியும் தெரிவது எழுத்துருவின் குற்றமன்று. எந்த எழுத்துருவை வைத்தாலும் அது சீராகாது.

எழுத்தளவும் திரையடர்த்தியும்

எழுத்துரு அமைந்த பிறகு அளவு. அதே தாவலில் கஸ்டம் டிபிஐ செட்டிங் என்று ஒன்று உண்டு. ஓர் அங்குலத்தில் எத்தனை திரைப் புள்ளிகள் இருக்கின்றன என்பதைக் கணினிக்குச் சொல்லும் எண் அது. வழக்கமாக 96 என்று இருக்கும். மாமாவின் 14 அங்குலத் திரையில் அகலத்தில் 1366 புள்ளிகளும் உயரத்தில் 768 புள்ளிகளும் உள்ளன; கணக்கிட்டால் அங்குலத்திற்கு ஏறத்தாழ 112 வருகிறது. அதே அளவுத் திரையில் 1920க்கு 1080 புள்ளிகள் இருந்தால் 157 வரும். உண்மையில் 112 இருக்கும் திரையிடம் 96 என்று சொன்னால், எல்லா எழுத்தும் இருக்க வேண்டிய அளவைவிடச் சிறுத்துத்தான் தெரியும். ஆகவே முதலில் டிபிஐயை 112 ஆக்கி, எழுத்தளவை 11 புள்ளியாக வைத்துப் பாருங்கள். முதியவர்களுக்கு 12 அல்லது 13. டிபிஐயை ஒரேயடியாக 157க்கு ஏற்றினால் சில சாளரங்களின் பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடக்கூடும் என்பதால், ஐந்து ஐந்தாக ஏற்றி, வசதியான இடத்தில் நிறுத்துங்கள்.

இதையும் பக்கத்துத் தாவலில் உள்ள விண்டோ ஸ்கேலிங்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிபிஐ எழுத்தின் அளவையே முதன்மையாக மாற்றுகிறது. ஸ்கேலிங்கை 2 என்று வைத்தால் பொத்தான், சின்னம் எல்லாமே இரு மடங்காகும். அது 4கே திரைகளுக்கானது.

தீமும் தலைப்புப் பட்டையும்

எக்ஸ்எஃப்சிஇயில் தீம் என்பது ஒரே பொருளன்று, நான்கு பொருள்கள். சாளரத்தின் உட்பகுதிக்கு அப்பியரன்ஸ் சாளரத்தின் ஸ்டைல் தாவல், சாளரத்தின் தலைப்புப் பட்டைக்கும் ஓரங்களுக்கும் விண்டோ மேனேஜர், சின்னங்களுக்கு ஐகான்ஸ் தாவல், சுட்டி அம்புக்கு மவுஸ் அண்ட் டச்பேட். ஒன்றை மாற்றிவிட்டு மற்றது மாறவில்லையே என்று பலர் தவிப்பதற்குக் காரணம் இந்தப் பிரிவினைதான். அப்பியரன்ஸில் தேர்ந்தெடுத்த அதே பெயர் விண்டோ மேனேஜரிலும் இருக்கிறதா என்று தேடி, இரண்டையும் ஒன்றாக வையுங்கள்.

தலைப்புப் பட்டையில் தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். எக்ஸ்எஃப்சிஇயின் தலைப்புப் பட்டைகளில் பல, படத்துண்டுகளால் ஆனவை. அவற்றின் உயரம் படத்தின் உயரத்தைச் சார்ந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் சில தீம்களில் பட்டை கூடவே உயராமல், ஈகாரத்தின் தலை வெட்டுப்படும். விண்டோ மேனேஜரில் டைட்டில் ஃபாண்ட் என்பதை மட்டும் ஒரு புள்ளி குறைத்துப் பாருங்கள். அப்போதும் வெட்டுப்பட்டால், டிஃபால்ட்-எச்டிபிஐ என்ற தீம் உயரமான பட்டையோடு வருகிறது.

கருநிறத் தீமா, வெண்ணிறத் தீமா என்பதை நாகரிகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கணினி வைத்திருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில், கடைமுன் நடைபாதையான அஞ்சடியை ஒட்டிய முன்னறையில் மேசை போட்டிருப்பவர்களுக்குப் பகல் முழுவதும் தெருவின் வெளிச்சம் திரையில் விழுகிறது. அங்கே கருந்திரை கண்ணாடியாகி, எழுத்துக்குப் பதில் முகத்தைத்தான் காட்டும். இரவில் அடுக்குமாடி வீட்டின் அறைக்குள் வேலை செய்பவருக்குக் கருநிறம் இதமாக இருக்கலாம். ஆனால் கறுப்பின் மேல் தூய வெள்ளை எழுத்து பூத்துப்போய்ச் சுழிகளை அடைத்துவிடுவதால், சாம்பல் கலந்த தீமைத் தேடுங்கள். கிரேபேர்ட், ஆர்க், மின்ட்டோடு வரும் மின்ட்-ஒய் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது. மூன்றிலுமே வெளிர்நிறமும் கருநிறமும் உண்டு.

நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குக் கட்டுப்படாத மென்பொருள்கள் சில இருக்கும். க்னோம் குழு 2022 முதல் பயன்படுத்திவரும் லிப்அத்வைதா என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டவை தங்கள் சொந்தத் தோற்றத்தோடுதான் வரும். க்யூட்டி என்ற இன்னொரு நிரல் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டவற்றுக்குத் தனி அமைப்புக் கருவி தேவைப்படலாம். ஃபிளாட்பாக் என்ற பொதிமுறை வழியாக நிறுவியவை தனிக் கூட்டுக்குள் இயங்குவதால் உங்கள் கோப்புறையிலுள்ள தீமை அவற்றால் பார்க்க முடியாமல் போகலாம். இவற்றோடு போராடி ஒரு வாரத்தை இழப்பதைவிட, பெரும்பாலான சாளரங்களின் நிறத்தோடு ஒத்துப்போகும் தீமைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சின்னங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பப்பைரஸ் என்ற தொகுப்பில் ஏராளமான மென்பொருள்களுக்குச் சின்னங்கள் இருப்பதால் இடைவெளி தெரியாது. சுட்டி அம்பை மட்டும் மறக்காதீர்கள்: மவுஸ் அண்ட் டச்பேடில் தீம் தாவலில் அளவு 24 என்று இருப்பதை 32 ஆக்கினால், அம்பைத் தேடித் திரையெங்கும் கண்ணை ஓட்டும் சிரமம் குறைகிறது.

பேனலை இடப்பக்கம் நகர்த்துவது

அகலம் மிகுந்து உயரம் குறைந்த 1366க்கு 768 திரையில், கீழே ஒரு பேனல், மேலே தலைப்புப் பட்டை, அதன்கீழ்ப் பட்டியல் வரிசை என்று அடுக்கினால் நாளிதழ் படிக்கக் கிடைக்கும் உயரம் சுருங்கிவிடுகிறது. பேனலின் மேல் வலது சொடுக்கு செய்து பேனல் பிரிஃபரன்சஸ் என்பதைத் திறந்து, மோட் என்பதில் டெஸ்க்பார் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெர்ட்டிகல் என்ற இன்னொரு தேர்வும் உண்டு. ஆனால் அதில் சாளரப் பெயர்கள் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். ஆங்கிலத்தையே கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்கும்போது, ‘கணக்குப்பதிவேடு’ போன்ற நீண்ட தமிழ்ச் சொல்லை அப்படிப் படிப்பது இயலாத காரியம். டெஸ்க்பாரில் பேனல் நிமிர்ந்து நின்றாலும் எழுத்து படுக்கை வரியாகவே இருக்கும். லாக் பேனல் என்ற குறியை எடுத்துவிட்டு, பேனலை இடது ஓரத்திற்கு இழுத்து, மீண்டும் பூட்டிவிடுங்கள். வரிசை அளவை 34 திரைப் புள்ளிகளில் தொடங்கி, தமிழ் எழுத்தின் மேலும் கீழும் மூச்சுவிட இடம் இருக்கும்வரை ஏற்றுங்கள்.

மென்பொருள்களைப் பட்டியலிட்டுக் காட்டும் விஸ்கர் மெனுவின் பண்புகளில் பொத்தானின் தலைப்பை நீங்களே எழுதலாம். மாமாவின் கணினியில் அது ‘பட்டியல்’ என்று இருக்கிறது. பேனலில் உள்ள தொடக்கிகளையும் வலது சொடுக்கு செய்து ‘நாளிதழ்’, ‘கடிதம்’, ‘படங்கள்’ என்று பெயர் மாற்றிக் கொடுத்தேன். அவருக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

கடிகாரத்தில் தமிழ்க் கிழமை வேண்டுமென்றால், கணினியின் மொழி தமிழாக இருக்க வேண்டும். இங்கே நமக்கு ஒரு சிறு சிக்கல் உண்டு. லினக்ஸ் அமைப்புகளில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் இருக்கின்றன. மலேசியத் தமிழ் என்று ஒன்று இல்லை. இந்தியத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் பண மதிப்புகள் ரூபாயில் வரும். லினக்ஸ் மின்ட்டின் மொழி அமைப்பில் மொழி ஒன்றும் வட்டாரம் ஒன்றுமாகத் தனித்தனியே கேட்பதால், மொழிக்குத் தமிழையும் வட்டாரத்திற்கு மலேசியாவுக்குரிய மலாயையும் வைத்தால் ரிங்கிட் அப்படியே நிற்கும். கிழமையின் பெயர் நேர வடிவத்தைப் பின்பற்றுவதால், அதையும் தனியே தமிழாக்கிவிடுங்கள். பிறகு கடிகாரத்தின் பண்புகளில் வடிவத்தை நீங்களே எழுதலாம் என்ற தேர்வைத் திறந்து, சதவீதக் குறியை அடுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ இட்டால் கிழமையின் முழுப்பெயர் வரும்.

பின்னணிப் படமும் நுழைவுத் திரையும்

பின்னணிப் படம் டெஸ்க்டாப் என்ற அமைப்பில் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த படங்கள் பெரும்பாலும் 4க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கும். மடிக்கணினித் திரை 16க்கு 9. ஸ்ட்ரெச்ட் என்று வைத்தால் மனிதர்கள் பருத்துவிடுவார்கள். ஜூம்ட் என்று வைத்தால் விகிதம் மாறாமல் மேலும் கீழும் சிறிது வெட்டுப்படும். தலையும் காலும் விளிம்பைத் தொடாத படமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தைத் திரையின் அளவுக்குச் சுருக்கி வைப்பது பழைய கணினிக்கு நல்லது.

எந்தப் படம் என்பதில் என் கருத்து உறுதியானது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் எடுத்த காவடிக் கூட்டத்தின் படம் எவ்வளவு உயிரோட்டமானதாக இருந்தாலும், அதன்மேல் நிற்கும் கோப்புப் பெயர்கள் கூட்டத்தில் தொலைந்துவிடும். அதை அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள். பனி மூடிய பினாங்கு மலை, அந்தி நேரத்துப் படகுத்துறைக் கடல் போன்று, சின்னங்கள் நிற்கும் இடப்பக்கத்தில் ஒரே நிறம் பரந்திருக்கும் படமே முகப்புக்கு ஏற்றது. கோப்புப் பெயர்கள் வெள்ளை எழுத்தில் தெரிவதால் அந்தப் பகுதி சற்றுக் கருமையாகவும் இருக்க வேண்டும். ஐகான்ஸ் தாவலில் இந்தப் பெயர்களுக்கான எழுத்தளவைத் தனியே ஏற்றலாம். நான் பட்டியல் எழுத்தைவிட ஒரு புள்ளி கூட்டி வைக்கிறேன்.

நுழைவுத் திரைக்கும் அதே படத்தை வைத்து, அது தெரியாமல் போனால் திகைக்க வேண்டாம். நீங்கள் நுழையும் முன் உங்கள் இல்லக் கோப்புறையைத் திறக்க அந்தத் திரைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். யூஎஸ்ஆர், ஷேர், பேக்ரவுண்ட்ஸ் என்ற வரிசையில் உள்ள பொதுக் கோப்புறைக்கு நிர்வாகி உரிமையோடு படத்தை நகலெடுத்து, அங்கிருந்து தேர்ந்தெடுங்கள்.

வெளியிலிருந்து தீம் இறக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 மார்ச் மாதத்தில், பிளாஸ்மாவுக்கான ஒரு முழுமைத் தீமை நிறுவிய பயனர் ஒருவரின் கோப்புகள் அழிந்துபோயின. அவ்வகைத் தீம்களுக்குள் இயங்கும் நிரல்களும் இருக்கலாம் என்பதே காரணம். எக்ஸ்எஃப்சிஇயின் தீம்கள் பெரும்பாலும் நடைத்தாள்களும் படங்களுமாக இருப்பதால் அந்த அபாயம் குறைவு. ஆனால் கூடவே வரும் நிறுவல் நிரலை இயக்கச் சொன்னால் இயக்காதீர்கள். கோப்புறையை அவிழ்த்து, இல்லக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் தீம்ஸ் கோப்புறைக்குள் போட்டாலே போதும். சின்னங்களுக்கு அதேபோல் ஐகான்ஸ் கோப்புறை.

எல்லாம் மனத்துக்குப் பிடித்தபடி அமைந்த பிறகு, புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் கோப்புறைக்குள் உள்ள எக்ஸ்எஃப்சிஇ4 என்ற கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். அதைத் திரும்பப் போடும்போது அந்தக் கணக்கிலிருந்து வெளியேறி, நிர்வாகியாக உள்ள வேறொரு கணக்கிலிருந்து போட வேண்டும்; போட்டபின் கோப்புறையின் உரிமையாளராக அதே பயனரே இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் அமர்வு தன் பழைய அமைப்பையே அதன்மேல் எழுதிவிடக்கூடும். மாமாவின் அமைப்பை அப்படித்தான் அத்தையின் 15.6 அங்குலக் கணினிக்குக் கொண்டுபோனேன். எழுத்துருக்களையும் தீமையும் தனியே நகலெடுத்த பிறகு, மாற்ற வேண்டியிருந்தது டிபிஐ மட்டுமே: அந்தத் திரைக்கு 112 அன்று, 100.